பூச்சியற்ற நகரம்

பல்செட்காரருக்கு அறிவிப்புப் பலகைகள்மீது அசையாத நம்பிக்கை. கதவில் ‘தள்ளவும்’ என்று எழுதியிருந்து, அந்தக் கதவு இழுத்தால்தான் திறக்கும் என்றாலும், உள்ளேயிருந்து யாராவது வெளியே வரும்வரை தள்ளிக்கொண்டே நிற்கிற மனிதர். “எழுதிப் போட்டவங்களுக்குத் தெரியாதா?” என்பார். ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம், மெழுகு வாசனை அடிக்கிற சின்ன அறையில் செயற்கைப் பல் வரிசைகள் செய்வது அவர் தொழில். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு என்பதையே தெருவில் எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள்.

அவர் மனைவி நேர்மாறு. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவள். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்கள் வெளியே நிற்பவர்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால் எந்த அறிவிப்பையும் அவள் முழுசாகப் படித்ததில்லை. “இதுல பாதி நாங்களே ஒட்டினதுதானே” என்பாள்.

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். தினமும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெறுமனே சுவருக்கும் சுவருக்கும் நடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முன்னறை ஜன்னலில் செடிகள் இருந்தன. குரோட்டன் ஒன்று, தொங்கு தொட்டியில் பெரணி ஒன்று, மணி பிளான்ட் ஒன்று. மூலையில், கல்யாணமான புதிதில் வாங்கி இப்போது கூரையை முட்டிக்கொண்டு நிற்கிற ரப்பர் செடி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை போய், ரப்பர் செடியின் அகல இலைகளை ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். இன்றைக்கு இந்தக் கிளை, நாளைக்கு அந்தக் கிளை. டாக்டர் சொன்ன நடை அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒரு காலையில் கூப்பிட்டாள்.

“என்னங்க, இங்க வந்து பாருங்க. காம்புல பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கு.”

அவர் பல் வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார். பஞ்சுக்குக் கால் இருந்தது. மாவில் புரட்டி எடுத்ததுபோல வெள்ளையாக, சோம்பலாக, இலையின் அடியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தன.

“மாவுப்பூச்சிதான்” என்றாள் அவள். “சோப்புத் தண்ணியில துணிய நனைச்சுத் துடைச்சா போயிடும். வாளிய எடுத்துட்டு வாங்க.”

அவர் வாளியை எடுக்கப் போனவர் பாதியில் நின்றார். பஸ் நிறுத்தத்தில் தினமும் பார்க்கிற பலகை நினைவுக்கு வந்துவிட்டது. சிரிக்கிற இலை ஒன்றின் படம். அதன் கீழே: ‘வீட்டுச் செடியில் பூச்சியா? நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள். உட்புறத் தாவர நலத் துறை.’

“போர்டுல நாமளா எதுவும் செய்யக் கூடாதுன்னு போட்டிருக்காங்களே.”

“பெயின்ட் மிச்சம் இருந்திருக்கும், எழுதியிருப்பாங்க. வாளிய எடுங்க.”

“இதுக்குன்னே படிச்சவங்க உக்காந்திருக்காங்க. ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துடறேனே.”

அவள் இன்னும் எவ்வளவு சொல்லியிருந்தாலும் அவர் போயிருப்பார். பூச்சி உள்ள இலை ஒன்றைக் கிள்ளி, பல்செட் வைத்துக் கொடுக்கும் டப்பா ஒன்றில் போட்டு மூடிக்கொண்டு கிளம்பினார்.

உட்புறத் தாவர நலத் துறை ஒரு முழுக் கட்டடத்தில் இருந்தது. வாசலிலிருந்தே இரண்டு பக்கமும் செடிகள். ஒவ்வொரு இலையும் எண்ணெய் தடவியதுபோலப் பளபளத்தது. தரையில் ஒரு சருகு இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் வராமல் வேறு யாரிடம் போவது என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. முகப்பில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பல்செட்காரர் டப்பாவை மேசைமேல் வைத்தார்.

“பல் டாக்டர் அடுத்த தெரு” என்றார் அதிகாரி, நிமிராமலே.

“பல் இல்லீங்க மேடம். செடியில பூச்சி.”

அதிகாரி நிமிர்ந்தார். கோயிலிலோ மருத்துவமனையிலோ யாராவது கெட்ட வார்த்தை பேசிவிட்டால் சுற்றியிருப்பவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“மெதுவா பேசுங்க. எந்த ஊர்ப் பூச்சி?”

“இந்த ஊர்தாங்க. எங்க வீட்டு ஜன்னல்.”

“இந்த ஊர்ல பூச்சி கிடையாது. போன வருஷமே ஒழிச்சாச்சு. பெரிய விழாகூட நடந்துச்சே, நீங்க வரலையா?”

“இல்லீங்க, தெரியாது. அப்ப இது?”

“அத நீங்கதான் சொல்லணும். எங்கேருந்து கொண்டாந்தீங்க?”

பல்செட்காரருக்கு வேர்த்தது. “பூச்சியே இல்லேன்னா, பூச்சி இருந்தா சொல்லுங்கன்னு எதுக்கு மேடம் போர்டு வச்சிருக்கீங்க?”

அதிகாரி குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக விளக்கினார். “பூச்சி இல்லேன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? யாரும் வந்து சொல்லலேன்னாத்தானே தெரியும். அதுக்குத்தான் போர்டு.”

“நான் சொல்ல வந்திருக்கேனே.”

“அதான் பிரச்சினையே” என்ற அதிகாரி, அவரை ஆய்வாளரிடம் அனுப்பினார்.

பூச்சியியல் ஆய்வாளர் ஒல்லியானவர், கழுத்துவரை பொத்தான் போட்டவர். அறை முழுக்கப் பூச்சிகளின் பெரிய பெரிய வண்ணப் படங்கள். அவர் டப்பாவைத் தொடவில்லை. பல்செட்காரரைத்தான் மேலும் கீழும் ஆராய்ந்தார்.

“மாவுப்பூச்சியப் பத்தி நான் எழுதாத கட்டுரை இல்ல” என்றார். “வெளிநாட்டுலகூட வாசிச்சிருக்கேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இதுவரைக்கும் ஒரு மாவுப்பூச்சியக்கூட நேர்ல பாத்ததில்ல.”

“ஏன் சார்?”

“நேர்ல பாத்துட்டா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். நடுநிலை போயிடும். ஆராய்ச்சிக்கு அது ஆகாது.”

பல்செட்காரர் தெரியாத்தனமாக டப்பாவைத் திறந்துவிட்டார். ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் நகர்த்தினார்.

“அசையுது.”

“ஆமாங்க.”

“உயிரோட இருக்கா?”

“உயிரோடதாங்க இருக்கு.”

“கொன்னுட்டுக் கொண்டாந்திருக்கலாமே.”

“நீங்களா எதுவும் செய்யாதீங்கன்னு போர்டுல போட்டிருந்துச்சு.”

ஆய்வாளர் நீண்ட நேரம் யோசித்தார். பூச்சியற்ற நகரத்தின் நடு மையத்தில், பூச்சியை ஒழித்த துறையின் சொந்தக் கட்டடத்துக்குள், ஒரு ஆள் பட்டப்பகலில் உயிருள்ள பூச்சியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருக்கிறான். இதை என்ன குற்றம் என்று சொல்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, “நீங்க போங்க. நாங்க வர்றோம்” என்றார். பல்செட்காரர் கும்பிடு போட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினார். “நேர்லயே வர்றாங்களாம்” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

வந்தார்கள். பெரிய வேன் ஒன்று தெருமுனையில் திரும்பியதுமே தெரு முழுக்க ஜன்னல்கள் காலியாயின. எதிர்வீட்டு அக்கா தன் கற்றாழைத் தொட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மாடிவீட்டுக்காரர் துளசியைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். இத்தனை வேகமாக இந்தத் தெருவில் ஒரு காரியம் நடந்து யாரும் பார்த்ததில்லை. இந்தத் துறையைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் தெரியாது என்பது பல்செட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

தலை முதல் கால்வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை என்று ஆறேழு பேர் இறங்கினார்கள். பார்ப்பதற்கு அவர்களே பெரிய மாவுப்பூச்சிகள் மாதிரி இருந்தார்கள். கடைசியாக ஆய்வாளர் இறங்கி, வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வந்தால் பார்க்க நேர்ந்துவிடுமே.

ரப்பர் செடியைச் சாய்த்து, துணியில் சுற்றி, நோயாளியைத் தூக்குவதுபோல நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். குரோட்டன் போயிற்று. பெரணி போயிற்று. மணி பிளான்ட் போயிற்று. சமையலறைக் கூடையில் ஒரு வெங்காயம் முளைவிட்டிருந்தது, அதையும் எடுத்தார்கள். ஜன்னல் திரையில் பூவும் கொடியும் அச்சிட்டிருந்தது.

“அது துணி” என்றாள் மனைவி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு.

“முன்னெச்சரிக்கை” என்று திரையைக் கழற்றினான் ஒருவன்.

அவள் வாசலுக்கு வந்து ஆய்வாளரிடம் கேட்டாள். “எப்ப திருப்பித் தருவீங்க?”

“பூரணமா குணமானதும்.”

“தண்ணி யார் ஊத்துவா?”

“அதுக்குத் தனிக் குழு இருக்கும்மா.”

“அந்தக் குழு ஊத்துமா?”

“ஊத்தலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணும்.”

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“கொஞ்சம் நடந்துட்டு வாயேன். டாக்டர் சொன்னாரில்ல?”

“எங்க நடக்கச் சொல்றீங்க?”

“ஜன்னல்வரைக்கும்.”

“அங்க என்ன இருக்கு?”

திரைகூட இல்லாத ஜன்னல் வழியாக எதிர்ச் சுவர் தெரிந்தது. அதில் வண்ணம் உரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க யார் நடந்து போவார்கள்?

நாட்கள் போகப் போக அவளுடைய கால் இறுகத் தொடங்கியது. அவர் தைலம் தேய்த்துவிட்டார். தலையணையை மடித்து முட்டிக்கு அடியில் வைத்தார். டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வெளியூரில் இருக்கிற மகள் போனில், “அப்பா, அவங்ககிட்ட போய் யாராவது சொல்வாங்களா?” என்று கேட்டாள். அவருக்கு வேலையில் கவனம் நிற்கவில்லை. ஒரு பாட்டிக்குச் செய்த வரிசையில் கோரைப்பல் இடம் மாறிப்போய், திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. இத்தனை வருஷத்தில் அவருக்கு அப்படி நடந்ததே இல்லை.

வேலை முடிந்ததும் துறை அலுவலகத்துக்குப் போவார். செடிகளைப் பார்க்க வேண்டும் என்பார். இன்று செடிகள் ஓய்வில் இருக்கின்றன என்பார்கள். மறுநாள் போனால், ரத்த சொந்தமா என்று கேட்பார்கள். இன்னொரு நாள் போனபோது, செடிகளின் மனநிலை பற்றிய பயிலரங்கம் நடந்துகொண்டிருந்தது. அதில் செடி எதுவும் கலந்துகொள்ளவில்லை. கடைசியில், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டவரைத் தாண்டிப் போக முடியாமல், இயக்குநரே அவரை உள்ளே கூப்பிட்டார்.

இயக்குநர் பெரிய உருவம். கறுப்புக் கோட்டு. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தடவை சிரித்தார். பல்செட்காரர் திடுக்கிட்டுப் போனார். இயக்குநரின் மேல் பல்வரிசை முழுக்க அவர் கைவேலை. முன் பல் இரண்டிலும் ஒரு நூல் அளவு மஞ்சள் கலந்தது அவர்தான். முழு வெள்ளை போட்டால் வயசுக்குப் பொருந்தாது என்று மருத்துவரோடு வாதாடியிருந்தார்.

“நீங்க ரொம்பக் குடுத்துவச்சவர்” என்று தொடங்கினார் இயக்குநர். “உங்க செடிங்க முழுசா குணமாயிடுச்சு. வாங்க, காட்டறேன்.”

கட்டடத்தின் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குள் தொட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் காய்ந்த குச்சிகள். ரப்பர் செடியின் இலைகள் பழுப்பாகச் சுருண்டு, மண் பிளந்து கிடந்தது. பல்செட்காரர் விரலால் தண்டைத் தொட்டார். கடைசி இலையும் உதிர்ந்தது.

“ஒரே ஒரு பூச்சி காட்டுங்க பாக்கலாம்” என்றார் இயக்குநர்.

“செடி செத்துப்போச்சே சார்.”

“நான் பூச்சியப் பத்திக் கேக்கறேன்.”

“பூச்சி இல்லீங்க.”

“அவ்வளவுதான். மத்த நாட்டுல எல்லாம் மருந்து அடிக்கிறாங்க, துடைக்கிறாங்க, கழுவறாங்க. எல்லாம் அரைகுறை வைத்தியம். பூச்சி செடியத் தின்னு வாழுது. செடி இல்லேன்னா அதுக்குச் சாப்பாடு இல்ல. நாங்க பிரச்சினையோட வேரையே பாக்கறோம்.”

“தண்ணி ஊத்தியிருந்தா பொழச்சிருக்குமே சார்.”

“பூச்சியும் சேந்து பொழச்சிருக்கும். நீங்க உணர்ச்சிவசப்பட்டுப் பேசறீங்க.”

“தாவர நலத் துறைன்னு வெளியில போட்டிருக்கீங்களே.”

“ஆமா. நல்லா இருக்கிற தாவரத்துக்கான துறை. நலமில்லாத தாவரம் எங்க வரம்புல வராது” என்றார் இயக்குநர்.

பல்செட்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேச்சுக்கும் பல்செட் கொஞ்சம்கூட ஆடவில்லை. தன் வேலையின் உறுதியை நினைத்து வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மறைக்கத் தெரியாத மனிதர், எல்லாவற்றையும் சொன்னார். அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள். “ரப்பர் செடியுமா?” என்று மட்டும் கேட்டாள். அவர் “ம்” என்றார்.

பிறகு ஒரு நாள் வேன் மறுபடி வந்தது. இந்தத் தடவை ஆய்வாளர் உள்ளேயே வந்தார். கூட ஒரு புகைப்படக்காரர். நாலு பேர் சேர்ந்து ரப்பர் செடி ஒன்றைத் தூக்கிவந்து அதே மூலையில் நிறுத்தினார்கள். இலைகள் எண்ணெய் தடவியதுபோலப் பளபளத்தன. பல்செட்காரருக்கு ஒரு பார்வையே போதும். நாள் முழுக்கப் போலியை அசல் மாதிரி செய்கிறவருக்கு, சோம்பேறித்தனமாகச் செய்த போலி கண்ணில் குத்தும். எல்லா இலையிலும் நரம்பு ஒரே மாதிரி ஓடியது. துறை அலுவலகத்து வாசல் செடிகளும் அவர் கண்முன் வந்துபோயின.

கட்டிலில் அசைவு கேட்டது. அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு வாக்கரை இழுத்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு, இறுகிப்போன காலை இழுத்து இழுத்து, மூலைவரை நடந்து வந்தாள். நகத்தால் ஓர் இலையைச் சுண்டினாள். டொக் என்றது.

“இது பிளாஸ்டிக்கு.”

“இது உங்க செடியோட குணமான நிலை” என்றார் ஆய்வாளர். “இனிமே ஆயுசுக்கும் பூச்சி வராது. எங்க ஆபீஸ்ல எல்லாச் செடியையும் இப்படிக் குணப்படுத்தித்தான் வச்சிருக்கோம்.”

“தண்ணி ஊத்தணுமா?”

“கட்டாயம் ஊத்தணும். ஊத்தறீங்களான்னு நான் அப்பப்ப வந்து பாப்பேன். இப்ப கொஞ்சம் சிரிச்சீங்கன்னா ஒரு போட்டோ எடுத்துக்குவோம்.”

அவள் சிரித்தாள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை என்பது புகைப்படத்தில் தெரியாது. வேன் போனதும், குளித்துவிட்டு வந்த கணவரின் ஈரத் துண்டை வாங்கி அந்தச் செடியின் கிளையில் காயப்போட்டாள். “இதுக்காவது ஆகும்” என்றாள். அன்று சாயங்காலம் அவள் கட்டிலுக்கும் மூலைக்கும் நாலு தடவை நடந்தாள். ஒவ்வொரு தடவையும் துறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே நடந்தாள். அந்த வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை. டாக்டர் கொடுத்த எந்த மாத்திரையைவிடவும் அவை காலுக்கு நல்லது செய்தன.

துறைக்கு இன்னொரு பெரிய விழா வந்தது. வெளிநாட்டிலிருந்து தூதுக்குழு ஒன்று வந்து, பூச்சியற்ற நகரம் என்ற விருதை நேரில் கொடுக்கப் போகிறது. பயன் பெற்ற குடிமகன் ஒருவர் மேடையேறி, ‘எங்க வீட்டில் பூச்சி இல்லை’ என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதற்குப் பல்செட்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் பூச்சி இருந்ததாக ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர்தான் என்பதால் வேறு வழியில்லை.

“நானும் வர்றேன்” என்றாள் மனைவி.

மண்டபம் நிறையப் பச்சையாகச் செடிகள் வைத்து, இயற்கை மணம் வரட்டும் என்று வாசனைத் திரவியம் தெளித்திருந்தார்கள். முன் வரிசையில் ஆய்வாளர். மேடையில் இயக்குநர், கறுப்புக் கோட்டில். ஓரமாக ஒரு நாற்காலியில் பல்செட்காரர். தூதுக்குழுத் தலைவி நல்ல பெண்மணி. வெறுங்கையோடு வரக் கூடாது என்று, வருகிற வழியில் கடையில் ஒரு பெகோனியாச் செடியை வாங்கி வந்திருந்தார். அடர் பச்சை இலை, சிவப்புப் பூ, நிஜமான செடி. அதை இயக்குநரின் கையில் கொடுத்தார். மரியாதைக்காக இயக்குநர் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

“ஒரு காலத்துல இந்த நகரத்துல பூச்சி இருந்துச்சுன்னு சொல்வாங்க. நான் நம்பறதில்ல. எங்க துறை வந்தப்புறம் ஒருத்தர்கூடப் பூச்சியப் பாத்ததா தைரியமா வெளிய சொன்னதில்ல. இதவிட என்ன சாட்சி வேணும்?”

கைதட்டல்.

“விமரிசனம் பண்றவங்க, செடியெல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்றாங்க. நாங்க வாக்குக் கொடுத்தது பூச்சியப் பத்தி. செடியப் பத்தி நாங்க எப்பவும் வாக்குக் கொடுத்ததில்ல.”

மறுபடி கைதட்டல். அந்தச் சமயத்தில்தான், பெகோனியாவின் இலைக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று மெல்ல இறங்கி இயக்குநரின் கோட்டில் ஏறியது. கறுப்புக் கோட்டில் அது நன்றாகத் தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. முன் வரிசையில் ஆய்வாளர் இரண்டாவது தடவையாகத் தன் வாழ்க்கையில் மாவுப்பூச்சியைப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்து தன் காலணியைப் பார்த்தார். இரண்டாவது வரிசையும் பார்த்தது. மூன்றாவது வரிசை கழுத்தை நீட்டிப் பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

இயக்குநர் பல்செட்காரரின் பக்கம் திரும்பினார். “இப்ப இவரே சொல்லட்டும். ஐயா, உங்க வீட்ல பூச்சி இருக்கா?”

பல்செட்காரர் எழுந்து நின்றார். மேடைக்குக் கீழே மனைவி வாக்கரில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வேர்க்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

“எங்க வீட்ல இல்லீங்க. உங்க காலர்ல ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு காதுக்குப் பக்கத்துல போய்க்கிட்டிருக்கு.”

இயக்குநர் அசையவில்லை. தட்டிவிட்டால், தட்டிவிட ஏதோ இருந்தது என்று ஆகிவிடும். குனிந்து பார்த்தால், பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். எதிர்காலத் திட்டங்களைச் சொன்னார். பூச்சி அவர் தாடையில் ஏறியது. பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட நகரத்தை விட்டுப் போகப்போகிறோம் என்று கேட்டார். அது கன்னத்தைக் கடந்தது. நன்றி சொல்லி முடித்தபோது அது வலது புருவத்தில் வசதியாக உட்கார்ந்திருந்தது. தூதுக்குழுத் தலைவி அதைப் பார்த்தபடியே விருதை நீட்டி, “ரொம்ப சுத்தமான நகரம்” என்றார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மண்டபம் காலியான பிறகும் பெகோனியா மேடையில் அநாதையாக நின்றது. அதைத் தூக்கினால் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். கொட்டகைக்குக் கொண்டுபோனால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே ஊழியர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பல்செட்காரரின் மனைவி மேடைப் படியருகே வந்து ஓர் ஊழியனைக் கேட்டாள்.

“தம்பி, இந்தச் செடி யாரோடது?”

அவன் அதைப் பார்க்காமல் சொன்னான். “எந்தச் செடிம்மா? இங்க செடி எதுவும் இல்லியே.”

“இல்லாதத எடுத்துட்டுப் போனா யாரும் கேக்க மாட்டீங்கல்ல?”

அவன் யோசித்தான். அதைத் தடுக்க எந்த விதியும் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. பல்செட்காரர் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். இருவரும் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள். வழியில் ‘நீங்களாக எதுவும் செய்யாதீர்கள்’ பலகையைத் தாண்டும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்ததும் அவள் உட்காரக்கூட இல்லை. ஜன்னலடியில் நின்று, துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பித் திருப்பித் துடைத்தாள். பாதி துடைப்பதற்குள் கதவு தட்டும் சத்தம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், ஆய்வாளர். பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று பார்க்க வந்திருக்கிறார்.

“ஒளிச்சுடவா?” என்று கிசுகிசுத்தார் பல்செட்காரர்.

“எதுக்கு? கேட்டா பிளாஸ்டிக்குன்னு சொல்லுங்க.”

வாழ்நாளில் எந்த அலுவலகத்துக்கும் பொய் சொல்லாத மனிதர் கதவைத் திறந்தார். ஆய்வாளர் மூலையில் துண்டு காய்கிற செடியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு கண் ஜன்னலுக்குப் போனது. நடந்து கிட்டே வந்தார். இலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பூ காற்றில் ஆடியது.

“இது?”

“பிளாஸ்டிக் சார்.”

ஆய்வாளர் விரலை நீட்டி ஓர் இலையைத் தொட்டார். அது மெத்தென்று மடங்கியது. கையை எடுத்துக்கொண்டார். இன்னும் துடைக்காத ஓர் இலையின் அடியில் அவர் பார்வை நின்றது. வெள்ளையாக ஒன்று, சாவகாசமாக, காம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

“இதுவுமா?” என்றார் கடைசியில், கெஞ்சுகிற குரலில்.

“அதுவும் பிளாஸ்டிக்தான் சார்.”

ஆய்வாளரின் உடம்பிலிருந்து பெருமூச்சு ஒன்று வெளியேறியது. கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

“நல்ல வேலைப்பாடு” என்று சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.